தினசரி காலண்டரைப் பார்த்து ஹேவ்லாக் போனோம்

அந்தமான் போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் வரும். செல்லுலார் ஜெயில், ராஸ் தீவு, பாராடாங் குகை, ஹேவ்லாக் தீவில் ஒரு ராத்திரி, நீல் தீவில் ஒரு ராத்திரி. விடிவதற்கு முன்னால் எழுந்து வண்டி ஏறியது, ஜெட்டியில் வரிசையில் நின்றது, பெட்டியைப் பிரித்ததும் கட்டியதுமாக நாள் போனது. ஓய்வெடுக்கப் போய் ஓய்ந்து போய் வருகிறார்கள்.

எங்களுக்கு அது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். நானும் கணவரும் ஆடிட் வேலையில் இருப்பவர்கள், மார்ச் மாதக் கடைசி நெருங்கினால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு தீவு, ஒரு ஹோட்டல், எதிரே கடல், அவ்வளவு போதும். கூட வந்தவர் என் அப்பா. எழுபதைத் தாண்டியவர், நாகப்பட்டினத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். “மாசி மகத்துக்குக் கடலாடணும், அது எந்தக் கடலா இருந்தா என்ன” என்றார். அந்த ஒரு வார்த்தையில் தேதி முடிவாகிவிட்டது. மாசி மகம் என்றால் பௌர்ணமி. கடற்கரை ஹோட்டலுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயமும் அதுதான். விமான டிக்கெட் விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். நம் சோழமண்டலக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் அவ்வளவாகக் கண்ணில் படாது. நாகையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தமானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை போகும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில்தான் பெரும்பாலான ஹோட்டல்கள். கோவிந்த நகர், விஜய நகர் என்று கிராமப் பெயரோடும், மூன்றாம் நம்பர் பீச், ஐந்தாம் நம்பர் பீச் என்று எண்ணோடும் சொல்வார்கள். அந்தக் கரைக்கு எதிரே பவளப் பாறைத் திட்டு ரொம்ப தூரத்துக்கு ஆழமே இல்லாமல் பரந்து கிடக்கிறது. இரண்டு மீட்டர் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும்? விளம்பரப் படத்தில் பார்த்த பச்சை நீலக் கடல் இருந்த இடத்தில் சேறும் மணலும் கல்லும் பாசியும்தான் இருக்கும். குளிக்க இறங்கினால் முழங்கால் நனையாது. ஹோட்டல்காரர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, எந்தக் கடையும் தன் சரக்கை நல்ல வெளிச்சத்தில்தான் காட்டும். ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் கடல் ஏறி நிற்கும்போது எடுத்தவை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி வரும். போர்ட் பிளேர், ஹேவ்லாக் பக்கம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் காலை ஒன்பது பத்து மணி வாக்கில் கடல் நிறைந்து நிற்கும், பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு வற்றிக் கிடக்கும். அஷ்டமியை ஒட்டிப் போனால் கிட்டத்தட்டத் தலைகீழ்: காலை டிபன் முடித்துவிட்டு வரும்போது கடல் உள்ளே போயிருக்கும், சாயங்காலம்தான் ஏறும். ஆனால் அப்போது ஏற்ற இறக்கமும் குறைவாக இருக்கும். காலையில் எதிரேயே குளிக்க வேண்டும், மத்தியானம் பாறைத் திட்டில் காலாற நடக்க வேண்டும் என்பவர்களுக்குப் பௌர்ணமி, அமாவாசை. எந்த நேரத்திலும் ஓரளவு தண்ணீர் இருந்தால் போதும் என்பவர்களுக்கு அஷ்டமி. துல்லியமான நேரம் வேண்டுமென்றால் இணையத்தில் டைட் டேபிள், அதாவது கடல் ஏறி வற்றும் நேர அட்டவணை, கிடைக்கும். திட்டம் போட வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

மேற்குக் கரையின் ராதாநகர் பீச் கணக்கு வேறு. அங்கே திட்டு குறுக்கே கிடையாது, நல்ல மணல், கடல் வற்றினாலும் குளிக்கலாம். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று சொன்னது இதைத்தான். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் (Blue Flag) சான்றிதழும் 2020-இல் வாங்கியது. ஆனால் அந்தப் பக்கம் ஹோட்டல்கள் குறைவு, வாடகையும் எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எனவே கிழக்கில் தங்கி, சாயங்காலம் மேற்கே போய் வருவது என்று வைத்துக்கொண்டோம். சூரிய உதயம் அறை வாசலில், அஸ்தமனம் ராதாநகரில். நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் போலத்தான், பாக்குத் தோப்பும் வயலுமாகப் போகும் ரோடு.

சூரியன் என்றதும் இன்னொன்று. சென்னையும் போர்ட் பிளேரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, ஆனால் போர்ட் பிளேர் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் கிழக்கே இருக்கிறது. கடிகாரம் மட்டும் இந்திய நேரம். அதனால் அங்கே எல்லாமே ஐம்பது நிமிடம் முன்னதாக நடக்கும். மாசியில் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். டிசம்பரில் இன்னும் சீக்கிரம், ஐந்து மணிக்கே. ஊர்ப் பழக்கத்தில் “ஒரு தூக்கம் போட்டுட்டு நாலரைக்குக் கிளம்பலாம்” என்று இருந்தால் ராதாநகருக்குப் போய்ச் சேரும்போது வாகனங்கள் திரும்பிக்கொண்டிருக்கும். மூன்றரைக்குக் கிளம்புவதுதான் சரி. காலையில் அதன் பலன் கிடைக்கும்: ஐந்து மணிக்கே வெளிச்சம் வர ஆரம்பித்து, ஆறுக்கு முன்னால் வெயில் எட்டிப் பார்த்துவிடும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எட்டுக்கு முன்னால் எழாதவர் என் கணவர். அவரே அங்கே ஐந்தரைக்கு டீ டம்ளரோடு மணலில் உட்கார்ந்திருந்தார்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் இரண்டே கால் மணி நேரம் போல. பிறகு அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பல். தனியார் கப்பல் என்றால் ஒன்றரை மணி நேரம் சொல்வார்கள், கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் இரண்டு. அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம், கட்டணம் மிகக் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். ஆனால் டிக்கெட் கிடைப்பது அபூர்வம். தனியார் கப்பலில் கண்ணாடி மூடிய ஏசி கூடம், பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரிதான். வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது, ஏறிய பிறகு போட்டால் வேலை செய்யாது. முன்வரிசை ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்படாமல் நடுவிலோ பின்னாலோ உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. டிக்கெட்டில் ‘ஸ்வராஜ் த்வீப்’ என்று அச்சிட்டிருந்தால் பதற வேண்டாம், 2018 டிசம்பரில் ஹேவ்லாக்குக்கு வைத்த பெயர் அது. நீல் ‘ஷஹீத் த்வீப்’ ஆனது. போர்ட் பிளேரே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் இன்னமும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.

ஹோட்டலைப் பற்றி. கடலுக்கும் அறைகளுக்கும் நடுவே பெரிய கடல் மகுவா மரங்கள், அதன் நிழலில் மரப் பலகையும் ஓலையுமாகக் குடில்கள். டிவி கிடையாது. கொசுவலை உண்டு. குளியலறைக்குப் பாதிக் கூரைதான், குளிக்கும்போது மேலே மைனா வந்து உட்காரும். ஏசி அறைகளும் இருந்தன, அவை பின்னால், ரோட்டைப் பார்த்தபடி. ஏசி வேண்டுமா, அலைச் சத்தம் வேண்டுமா என்று தேர்வு செய்ய வேண்டியிருந்தது. அந்த மாதத்தில் ராத்திரி மின்விசிறியே போதும். ஏப்ரலில் போகிறவர்கள் வேறு முடிவு எடுக்கலாம். அறை எடுக்கும் முன் நான் தொலைபேசியில் கேட்டது நான்கே கேள்வி: அறை வாசலிலிருந்து தண்ணீருக்கு எத்தனை அடி, வழியில் படி உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க ஓடுமா, கடல் வற்றும்போது எதிரே கல்லா மணலா. கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்ன இடத்தைத்தான் எடுத்தோம். “இரண்டும் உண்டு மேடம், செருப்பு போட்டுக்கிட்டு நடங்க” என்றார் அங்கே தொலைபேசியை எடுத்த பெண். இன்னொரு ஹோட்டலில் “எப்போதும் நீச்சலடிக்கலாம்” என்றார்கள். ஐந்தாம் நம்பர் பீச்சில் அது நடக்காத காரியம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பிற்பகல். கணக்குப்படி கடல் வற்றியிருக்கும் நேரம், எனக்கு அது தெரியும். அப்பாவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். சொன்னது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. மரங்களைத் தாண்டி மணலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு படகு தரையில் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

“ஏம்மா, கடல் இவ்வளவு உள்வாங்கியிருக்கே” என்றார். குரல் மாறியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, நாகையில் இருந்தவர் அவர். பள்ளியில் தன்னிடம் படித்த பிள்ளைகள் பலரை அன்று பறிகொடுத்தவர். கடல் உள்வாங்கியது என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்தாலே எழுந்து போய்விடுவார். நான் எவ்வளவு சொல்லியும் மணலில் காலை வைக்கவில்லை.

தோட்ட வேலை பார்க்கும் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஐம்பதுகளில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், ஹேவ்லாக் கிராமங்களில் பெரும்பாலும் அவர்கள்தான். ஹிந்தியில் ஏதோ சொல்லிவிட்டு, மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தண்ணீர் விளிம்பு வரை நடந்து போய் நட்டுவிட்டு வந்தார். கணவர் மொழிபெயர்த்தார்: “இப்போது தண்ணீர் அடிமட்டத்துக்கு வற்றியிருக்கிறது. பெரியவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். மெதுவாக வரும். ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு போனது, ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு வரும். அந்த நாளில் போனது நிமிடக் கணக்கில்.”

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தக் கழியையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கழியைத் தாண்டி ஒரு நாக்குத் தண்ணீர் வந்தது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. ஒரு மணி நேரத்தில் கழி தண்ணீருக்குள் நின்றது. பரீட்சை ஹாலில் மேற்பார்வை செய்பவர் போலத் தன் பாக்கெட் டைரியில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அன்று ராதாநகர் போகவில்லை, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஐந்தரைக்கு மேல் கிழக்கே, நேர் எதிரே, கடலிலிருந்து நிலா ஏறியது. ஒன்பது மணிக்குத் தண்ணீர் மகுவா மரத்து வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மாசி மகம். காலை ஒன்பதரைக்குக் கடல் நிறைந்து நின்றது. அலையே இல்லை, மார்பளவு தெளிந்த தண்ணீர், கால் விரல் தெரிந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். “நாகையில இந்த மாதிரி நின்னு குளிக்க முடியாதும்மா, இடுப்பை உடைச்சிரும்” என்றார். வயதானவர்களை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு இதுதான் கிழக்குக் கரையின் பெரிய சௌகரியம். திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் குளம் போலக் கிடக்கும். குழந்தைகளுக்கும் அப்படியே.

வற்றிய கடலில் நடப்பதற்கென்றே இன்னொரு பயணம் போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கழி நட்ட அதே மனிதர் அடுத்த நாள் பிற்பகல் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கற்களுக்கு நடுவே தேங்கிய குட்டைகளில் விரல் நீள நீலமீன்கள் தண்ணீர் வரும்வரை மாட்டிக்கொண்டு சுற்றின. ஒரு கல்லின் ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு கடல் அட்டை, மணலை உண்டு மணலையே கழித்துக்கொண்டு. ராமநாதபுரம் பக்கம் கடத்தல் செய்தியில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டதாகப் படிக்கும் அந்த உயிரினம், உயிரோடு மெல்ல நகர்வதை அன்றுதான் பார்த்தேன். 2001-லிருந்து அதைப் பிடிப்பதே குற்றம். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு கேஸ்” என்றார். மணல் தெரியும் இடத்தில் மட்டும் கால் வைக்கச் சொன்னார் கூட்டிப்போனவர். உயிருள்ள பவளம் மிதித்தால் செத்துப்போகும். செத்த பவளத்தை மிதித்தால் நம் கால் கிழியும், அந்தக் காயம் லேசில் ஆறாது. பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு அவசியம், ஹவாய் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

மணல் ஈக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது துரோகம். கண்ணுக்கே சரியாகத் தெரியாது, கடிக்கும்போதும் அவ்வளவாகத் தெரியாது. அன்று ராத்திரியோ மறுநாளோ கெண்டைக்காலில் சிவந்து தடித்து ஒரு வாரம் அரிக்கும். விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும்தான் அதிகம். ஊர்க்காரர்கள் தேங்காய் எண்ணெயைக் கணிசமாகத் தடவிக்கொள்கிறார்கள், நாங்களும் அதையே செய்தோம். வெறும் மணலில் துண்டு விரித்துப் படுக்காமல் நாற்காலியிலோ தொங்கும் வலைத் தொட்டிலிலோ படுத்தால் பாதித் தொல்லை இல்லை. சாயங்காலம் லுங்கியோ முழு பேண்ட்டோ. அரிப்புக்கு மாத்திரையும் களிம்பும் ஊரிலிருந்தே கொண்டு போய்விடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஹோட்டலையே நம்ப வேண்டாம். காய்கறியிலிருந்து பெரும்பாலான சரக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும், ஹோட்டல் மெனுவில் அந்த விலை தெரியும். மூன்றாம் நம்பர் பஜாரில் வங்காளிகள் நடத்தும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. சோறு, பருப்பு, ஒரு பொரியல், கடுகு அரைத்த மீன் குழம்பு. வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்காமல், இன்று என்ன மீன் வந்தது என்று கேட்டால் நல்லது கிடைக்கும். எங்களுக்கு ஒரு நாள் சூரை, ஒரு நாள் சங்கரா. நாகைக்காரர் அப்பா கடுகெண்ணெய் வாசனைக்கு முதல் நாள் முகம் சுளித்தார், அடுத்த நாள் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னார்.

ராதாநகரில் குளிக்கும்போது பாதுகாவலர் நிற்கும் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தமான் கழிமுகங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு, 2010-இல் அந்தக் கரைக்கு அருகிலேயே ஒரு வெளிநாட்டுப் பயணி முதலைக்குப் பலியானார். பயப்படுத்தச் சொல்லவில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் நாள்தோறும் குளிக்கிற இடம். எச்சரிக்கைப் பலகை தாண்டிய ஓடைப் பக்கமும், இருட்டிய பிறகும் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் போதும். எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போய் முகமூடி போட்டு மீன் பார்ப்பதும் உண்டு. கணவர் மட்டும் போய் வந்தார், கூட்டம் என்றார். நானும் அப்பாவும் மரத்தடியில் தூங்கினோம்.

நெட் இப்போது பரவாயில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது, அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. ஆனாலும் யுபிஐ எல்லா நேரமும் வேலை செய்யும் என்று இருக்க வேண்டாம், கையில் ரொக்கம் இருக்கட்டும். ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் “தீவில் சிக்னல் இல்லை” என்று சொல்லும் வசதி போய்விட்டதே என்று கணவருக்குத்தான் வருத்தம்.

கடைசி ராத்திரியை ஹேவ்லாக்கில் வைக்காதீர்கள். காலைக் கப்பலில் வந்து மத்தியான விமானம் பிடிப்பது தாளில் அழகாகத் தெரியும். கடல் கெட்டால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விமானம் யாருக்காகவும் காத்திருக்காது. 2016 டிசம்பரில், பிறகு வர்தா புயலாகி நம் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே காற்றழுத்தத் தாழ்வில், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு கடற்படை போய் மீட்க வேண்டியிருந்தது. மாசியில் கடல் அமைதிதான், இருந்தாலும் நாங்கள் ஒரு நாள் முன்பே போர்ட் பிளேர் வந்துவிட்டோம். அப்பாவுக்கு அங்கே வெற்றிமலை முருகன் கோவில் பார்க்க வேண்டியிருந்தது. பிரகாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் தமிழ், ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து தாத்தா காலத்தில் வந்த ஒருவரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்யும்போது சங்கு, பவளத் துண்டு இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள், பவளம் என்றால் வழக்கு வரைக்கும் போகலாம். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் சின்னப் பெண் ஒரு பை நிறையப் பொறுக்கி வைத்திருந்தாள், அழுதுகொண்டே கொடுத்தாள். அப்பா தன் டைரியைப் பிரித்து, அன்று குறித்த நேரங்களையும் அடுத்த நாட்களின் நேரங்களையும் ஒப்பிட்டு, “ஐம்பது நிமிஷம் சரியாத்தான் தள்ளுது” என்றார். அடுத்த தடவை அமாவாசைக்கு நீல் போகலாமா என்று கேட்டார்.